சிப்பிக் குடாவில் ஒரு கல்யாண நாள்

கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைவு பெறும் தம்பதிகளுக்கு நம் ஊரில் மூன்று மார்க்கங்கள் உண்டு. கோவிலில் அர்ச்சனை, ஓட்டலில் சாப்பாடு, ஜவுளிக் கடையில் ஒரு பட்டுப் புடவை. மூன்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு சாயந்திரம் ஆறு மணிக்குள் வீடு திரும்பி, குழந்தையின் வீட்டுப் பாடத்தைக் கவனிக்க உட்கார்ந்து விடுகிறவர்களும் உண்டு. ஒன்பது வருஷம் நாங்களும் அப்படித்தான் செய்து வந்தோம். பத்தாவது வருஷத்துக்கு என்ன என்று கேட்டபோது என் மனைவி, "எனக்குப் புடவை வேண்டாம். ஒரு கடல் வேண்டும்" என்றாள்.

அவள் கடலூர்க்காரி. பிறந்த நாளிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இன்னொரு கடல் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். நானும் கேட்டேன். ஏதோ ஒரு சினிமா விழாவின் புகைப்படத்தில் பார்த்த கடற்கரையைக் காட்டினாள். அரிவாள் மணை போல் வளைந்த மணல்; இரண்டு நுனியிலும் இரண்டு மலை; நடுவில், வாசற்படி மறைப்பது போல் ஒரு குட்டித் தீவு. "இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்" என்றாள். கண்டுபிடித்தேன். ஸ்பெயின் தேசத்தின் வடகரையில், பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சான் ஸெபாஸ்தியான் நகரம் அது.

இருவரும் மூன்று வருஷம் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. "அந்தப் பணத்துக்கு இரண்டு வளையலாவது பண்ணிப் போட்டுக்கொள்ளலாமே!" என்றாள் என் தாயார். சொன்னாளே தவிர, எட்டு வயதுப் பேத்தியை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளவும் அவள்தான் முன் வந்தாள். 2024 ஆகஸ்டு மாதக் கடைசியில் கிளம்பினோம்.

ஒரே ஊருக்கு இரண்டு பெயர்

சென்னையிலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேர் விமானம் கிடையாது. நடுவில் விமானம் மாறி, பில்பாவோ நகரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் போக வேண்டும். வழியெல்லாம் மலை, பச்சைப் புல், மேயும் ஆடுகள். ஸ்பெயின் என்றால் செம்மண்ணும் காளைச் சண்டையும் கொளுத்தும் வெயிலும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது உதகமண்டலத்தில் யாரோ கடலைக் கொண்டுவந்து வைத்தது போல் இருக்கும்.

பஸ் நிலையப் பலகையில் ஊரின் பெயர் இரண்டு விதமாக எழுதியிருந்தது. ஒன்று சான் ஸெபாஸ்தியான், மற்றது டொனோஸ்டியா. முன்னது ஸ்பானிஷ், பின்னது பாஸ்க் மொழி. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: புனித ஸெபாஸ்தியான். கிபுஸ்கோவா மாகாணத்தின் தலைநகரமான இந்த ஊரின் ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

பாஸ்க் மொழியைப் பற்றித் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவில் சுற்றிலும் உள்ள பாஷைகளெல்லாம் ஒன்றுக்கொன்று உறவு கொண்டாட, இந்தப் பாஷை மட்டும் தனியாக நிற்கிறது. உலகத்தில் வேறு எந்த மொழியோடும் இதற்கு உறவு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வார்த்தைக்குப் பின்னால் வால் ஒட்டும் காரியத்தில் நம் தமிழுக்குச் சளைத்ததல்ல. 'எச்சே' என்றால் வீடு. வீட்டில் என்பதற்கு 'எச்சேயான்'. வீட்டுக்கு என்பதற்கு 'எச்சேரா'. வீட்டிலிருந்து என்பதற்கு 'எச்சேடிக்'. எங்கள் விடுதிக்காரம்மாள் இதைச் சொல்லிக் கொடுத்தபோது என் மனைவி, "நம் வேற்றுமை உருபேதான்!" என்று குதூகலித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இலக்கணத்தில் நல்ல மார்க்கு.

ஜெனரல் பிராங்கோவின் ஆட்சி 1939 முதல் 1975 வரை நடந்தது. அந்தக் காலத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தப் பாஷைக்கு இடமில்லை. 1979-இல் சுயாட்சிச் சட்டம் வந்த பிறகே ஸ்பானிஷுக்குச் சமமான அந்தஸ்து கிடைத்தது. விடுதிக்காரம்மாளின் பாட்டி, கதவைச் சாத்திக்கொண்டுதான் குழந்தைகளோடு பாஸ்க் பேசுவாளாம். இப்போது அந்தம்மாளின் பேரன் பள்ளியில் கணக்கே அந்தப் பாஷையில் படிக்கிறான். நாங்களும் 'எஸ்கெர்ரிக் அஸ்கோ' என்ற ஒன்றை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டோம். 'மிக்க நன்றி' என்று பொருள். அதைச் சொன்ன இடத்திலெல்லாம் முகம் மலர்ந்தது.

ராணி குளித்த கடல்

அந்த வளைந்த கடற்கரைக்கு லா கோஞ்சா என்று பெயர். சிப்பி என்று அர்த்தம். நீளம் சுமார் 1,300 மீட்டர். மேற்கே இகெல்டோ மலை, கிழக்கே உர்குல் மலை, நடுவில் சாந்தா கிளாரா தீவு. மூன்றும் சேர்ந்து பெருங்கடலின் அலைகளைத் தடுத்து நிறுத்துவதால் உள்ளே தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி சாதுவாக இருக்கிறது.

ஊரின் அதிர்ஷ்டம் 1845-இல் ஆரம்பித்தது. ஸ்பெயின் ராணி இரண்டாம் இசபெல்லுக்குத் தோல் வியாதி இருந்தது; கடல் ஸ்நானம் செய்யும்படி வைத்தியர்கள் சொன்னார்கள்; ராணி இங்கே வந்து குளித்தாள். ராணி குளித்த கடலில் பிரபுக்கள் குளிக்காமல் இருப்பார்களா? கோட்டைக்குள் நெருக்கிக்கொண்டிருந்த ஊர் 1863-இல் மதிலை இடிக்க ஆரம்பித்து, விசாலமான வீதிகளைப் போட்டது.

அடுத்து வந்தவள் ராணி மரியா கிறிஸ்தினா. இவள் கதை சோகமானது. 1885-இல் கணவன் பன்னிரண்டாம் அல்போன்ஸோ இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு, வயிற்றில் குழந்தை. அந்தக் குழந்தை பிறக்கும்போதே ராஜாவாகப் பிறந்தது. 1902 வரையில் மகனுக்காக அவள்தான் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டாள். 1887 முதல் கோடைக் காலத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இங்கே வர ஆரம்பித்து, 1893-இல் கடலைப் பார்த்தாற்போல் மிராமார் அரண்மனையைக் கட்டி முடித்தாள். ராஜ குடும்பம் குளிப்பதற்காக ஓர் அலங்கார அறையைத் தண்டவாளத்தின் மேல் வைத்துத் தண்ணீர் வரை ஓட்டிச் செல்வார்களாம்! இப்போது அந்த அரண்மனைத் தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் புல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னலாம். நாங்கள் தின்றோம்.

1887-இல் திறந்த பெரிய சூதாட்ட மாளிகையும் கடற்கரையோரம் இருக்கிறது. 1924-இல் ஸ்பெயினில் சூதாட்டம் தடை செய்யப்பட்டது. கட்டடம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? இன்று அதுதான் நகரசபை! சீட்டாட்டம் நடந்த கூடத்தில் சொத்து வரி விவாதம் நடக்கிறது. பணம் போவது என்னவோ அன்றும் இன்றும் பொதுஜனத்துக்குத்தான்.

எரிந்த ஊர்

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் ஆகஸ்டு 31. அந்தத் தேதியைப் பெயராகக் கொண்ட தெரு ஒன்று பழைய ஊரில் இருக்கிறது. இரவு அந்தத் தெருவில் விளக்குகளை அணைத்துவிட்டு மாடி முகப்புகளில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஏதோ பண்டிகை என்று நினைத்த எங்களுக்கு விஷயம் பிறகுதான் புரிந்தது.

1813-ஆம் வருஷம் இந்த ஊர் நெப்போலியனின் படை வசம் இருந்தது. ஸ்பெயினுக்கு உதவ வந்த ஆங்கிலேய, போர்த்துக்கீசியத் துருப்புகள் முற்றுகையிட்டு ஆகஸ்டு 31-இல் மதிலைப் பிளந்து உள்ளே புகுந்தன. மீட்க வந்தவர்கள் என்று ஊர்ஜனங்கள் வரவேற்கக் காத்திருந்தார்கள். வந்தவர்கள் கொள்ளையடித்தார்கள், பெண்களை மானபங்கம் செய்தார்கள், ஊருக்குத் தீ பிடித்துக்கொண்டது. நாட்கணக்கில் எரிந்த தீ அணைந்தபோது இரண்டு மாதா கோவில்களும் ஏறக்குறைய 35 வீடுகளுமே மிஞ்சின. அந்த வீடுகள் மிஞ்சிய தெருதான் இது. பிழைத்தவர்கள் செப்டம்பர் 8-இல், சற்றும் இளைப்பாறாமல், பக்கத்திலுள்ள சுபியேட்டா என்ற கிராமத்தில் கூடி, ஊரை மறுபடி கட்டுவது என்று தீர்மானித்தார்கள்.

அப்படிக் கட்டியதில் ஒன்றுதான் நடு மைதானமாகிய அரசியல் சட்டச் சதுக்கம். சுற்றியுள்ள வீடுகளின் ஒவ்வொரு மாடி முகப்புக்கும் மேலே ஓர் எண் எழுதியிருக்கிறது. முன் காலத்தில் இங்கே காளைச் சண்டை நடக்கும்போது அந்த முகப்புகளை ஆசனங்களாக வாடகைக்கு விடுவார்களாம். ஜனவரி 20-ஆம் தேதி, ஊரின் காவல் புனிதருக்குத் திருநாள். அன்று நள்ளிரவில் இதே சதுக்கத்தில் தொடங்கி மறு நள்ளிரவு வரை ஊர் முழுவதும் மேளம் கொட்டுகிறார்கள். அடிக்கிறவர்களில் பாதிப் பேர் நெப்போலியன் காலத்துச் சிப்பாய் வேஷம். பாதிப் பேர் சமையற்காரர் வேஷம். சமையற்காரருக்கு மேளத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் சமையலுக்குச் சம்பந்தமில்லாத காரியமே கிடையாது.

நின்றுகொண்டே விருந்து

பழைய ஊரின் குறுகலான தெருக்களில் அடுத்தடுத்து மதுக்கடைகள். மதுக்கடை என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். தாத்தா, பாட்டி, குழந்தை, தள்ளுவண்டியில் கைக்குழந்தை எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நீளமான பலகையின் மேல் தட்டுத் தட்டாகச் சிறு தின்பண்டங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்குப் 'பின்ச்சோ' என்று பெயர். குச்சியால் குத்துவது என்ற சொல்லிலிருந்து வந்தது. ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துப் பல்குத்தும் குச்சியால் கோத்திருப்பார்கள். ஒரு கடையில் ஒன்று தின்று, ஒரு வாய் குடித்து, அடுத்த கடைக்கு நடந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். ஒன்றின் விலை மூன்று நாலு யூரோ. நாலு கடை ஏறி இறங்கினால் வயிறு நிறைந்துவிடும், பையும் இளைத்துவிடும்.

இவற்றுள் முதல் மரியாதை 'கில்டா'வுக்கு. ஒரு ஆலிவ் காய், ஊறுகாய்ப் பச்சை மிளகாய், உப்பிலிட்ட ஒரு சின்ன மீன் மூன்றையும் குச்சியில் கோத்தது. அந்த மீன் நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! என் மனைவி அதை அடையாளம் கண்டுகொண்ட விதத்தைப் பார்த்தால், பிறந்த வீட்டிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். 1946-இல் வந்த ஹாலிவுட் படம் 'கில்டா'. ரீட்டா ஹேவொர்த் நடித்தது. அந்தக் கதாநாயகியைப் போலவே பச்சை, உப்பு, கொஞ்சம் காரம் என்று இந்தப் பெயரை வைத்தார்களாம். பச்சைக்கும் கதாநாயகிக்கும் என்ன சம்பந்தம்? ஸ்பானிஷ் மொழியிலும் 'பச்சை' என்றால் நம்மைப் போலவே இன்னொரு அர்த்தம் உண்டு. பச்சை பச்சையாகப் பேசுகிறான் என்கிறோமே, அந்தப் பச்சை!

உப்பிட்டுக் காய வைத்த காட் மீனையும் ஊறவைத்துச் சமைக்கிறார்கள். கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை. எண்ணெயில் வதக்கி உப்புத் தூவிய சின்னப் பச்சை மிளகாய், பூண்டு போட்டு வதக்கிய காளான் இவை தாராளமாகக் கிடைக்கும். முட்டை ஆகும் என்றால் உருளைக்கிழங்கு அடையும், மேல் பக்கம் கருகக் கருகச் சுட்ட பாலாடைக்கட்டி கேக்கும் உண்டு.

ஆண்கள் அடுப்படி

மழைக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய சிநேகம். திங்கட்கிழமை முழுவதும் தூறல். குடை பிடித்தாலும் நனைக்கிற, பிடிக்காவிட்டாலும் பாதகமில்லாத மெல்லிய தூறல். 'சிரிமிரி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக் கட்டணம், பால் கணக்கு, தாயாரின் மருந்து ஆகியவற்றை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தது. வந்த இடத்தில், பேச ஒன்றும் அகப்படவில்லை. கல்யாணமான பத்து வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு முழு நாள் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் செல்போனை எடுப்பதும் ஏதோ படிப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். "ஆபீஸ் விஷயமா?" என்றேன். "ஒன்றுமில்லை" என்றாள்.

மாலையில் மழை விட்டதும் நடந்தோம். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு; உள்ளே நீண்ட மேஜை; அதற்கப்பால் பெரிய அடுப்படி. ஏழெட்டு ஆண்கள், அநேகமாக அறுபது வயதானவர்கள், இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு மும்முரமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீன் செதில் எடுக்கிறார். ஒருவர் வாணலியைக் கையில் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருக்கிறார். என் மனைவி நகர மறுத்தாள்.

விடுதிக்காரம்மாள் விளக்கினாள். இது சமையல் சங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. சந்தாதாரர்கள் ஆண்கள். ஆளுக்கொரு சாவி. எப்போது வேண்டுமானாலும் வந்து சமைக்கலாம்; எடுத்த எண்ணெய்க்கும் ஒயினுக்கும் தாங்களே கணக்கெழுதிப் பணத்தைப் போட்டுவிட வேண்டும். பெண்கள் விருந்தாளியாக வந்து சாப்பிடலாம். ஆனால் வெகு காலம் அடுப்படிக்குள் காலடி வைக்கக் கூடாது என்று விதி. இப்போது பல சங்கங்கள் அந்த விதியைத் தளர்த்திவிட்டன.

"அடுப்படிக்குள் பெண்கள் வரக் கூடாதா!" என்று என் மனைவி திருப்பித் திருப்பிச் சொன்னாள். "இப்படியும் ஒரு கொடுமை உலகத்தில் உண்டா? நம் ஊரில் யாராவது எனக்கு இந்தக் கொடுமையைச் செய்யக் கூடாதா?"

"அப்படியானால் வீட்டிலும் ஆண்கள்தான் சமைக்கிறார்களா?" என்று விடுதிக்காரம்மாளிடம் கேட்டேன். அந்தம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீடு வேறு, சங்கம் வேறு" என்றாள். எல்லா ஊரும் ஒரே ஊர்தான்!

பதின்மூன்று துடுப்பு

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, படகுப் பந்தயம் பார்த்தோமே, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. செப்டம்பர் மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் இந்தக் குடாவில் பந்தயம். 1879-இலிருந்து நடக்கிறது. முன் காலத்தில் மீன் பிடித்துவரும் படகுகளில் எது முதலில் கரை சேர்கிறதோ அதன் மீனுக்கு நல்ல விலை. அந்த ஓட்டம்தான் விளையாட்டாக மாறியது. படகுக்குப் பதின்மூன்று பேர் துடுப்பு வலிக்க, ஒருவர் நின்றுகொண்டு சுக்கான் பிடிக்கிறார். ஊருக்கு ஒரு நிறம். ஓரியோக்காரர்கள் மஞ்சள், ஒந்தாரிபியாக்காரர்கள் பச்சை. தாத்தாவும் பேத்தியும் ஒரே நிறச் சட்டையோடு துறைமுகச் சுவரில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

2008-இலிருந்து பெண்களுக்கும் பந்தயம் உண்டு. அந்தப் பெண்கள் துடுப்பைப் பின்னுக்கு இழுக்கும்போது பதின்மூன்று முதுகும் ஒரே சமயத்தில் சாய்கிறது. நூற்றிருபத்தொன்பது வருஷம் கரையில் நின்று கை தட்டியவர்களின் பேத்திகள்! என் மனைவி செல்போனில் படம் எடுக்க மறந்து நின்றாள்.

காற்றுக்கு ஒரு சீப்பு

புதன்கிழமை எங்கள் கல்யாண நாள். அமாவாசை கழிந்த மறுநாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நம் சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் கண்ணுக்கு அதிகம் தெரியாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேலும் தண்ணீர் ஏறி இறங்குகிறது. காலையில் மைதானமாகக் கிடந்த மணல் மாலையில் காணாமல் போய்விடும். "எங்கள் கடலூர்க் கடல் இருந்த இடத்தில் இருக்கும். இது வேலைக்குப் போய்விட்டு வருகிறதே!" என்றாள் என் மனைவி.

தண்ணீர் வடிந்த நேரத்தில் லா கோஞ்சாவிலிருந்து அடுத்த கடற்கரையான ஒந்தரேத்தாவுக்கு, அரண்மனைக் குன்றின் 'கிளிமூக்கு' என்ற பாறை முனையைச் சுற்றி, மணலிலேயே நடந்து போகலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். கரை முடிகிற இடத்தில், இகெல்டோ மலையின் அடிவாரப் பாறைகளில், மூன்று ராட்சச இரும்பு நகங்கள் கடலைப் பிறாண்டுவது போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் பத்து டன் எடை. இதற்குக் 'காற்றின் சீப்பு' என்று பெயர். செய்தவர் இந்த ஊரிலேயே பிறந்த சிற்பி எதுவார்தோ சில்யீதா. 1977-இல் நிறுவினார்கள். சிற்பியாவதற்கு முன் அவர் ஊர்க் கால்பந்துக் குழுவின் கோல் காப்பாளர்! முழங்காலில் அடிபட்டதால் விளையாட்டுப் போயிற்று, கலைக்கு லாபமாயிற்று. 1950-இல் பிலார் பெல்சுன்ஸேயை மணந்து, எட்டுக் குழந்தைகளோடு, 2002-இல் அவர் இறக்கும் வரை ஐம்பத்திரண்டு வருஷம் தாம்பத்தியம். அவர் இரும்பைக் காய்ச்ச, வீட்டையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டவள் அந்த அம்மாள்.

அந்தக் கல் மேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் மனைவி சொன்னாள்:

"எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்திருக்கிறது. பிரமோஷனோடு. இரண்டு வருஷம். பதினைந்தாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும்."

"எப்போது வந்தது?"

"கிளம்புவதற்கு முந்தின வாரம்."

"சொல்லவே இல்லையே!"

"வேண்டாம் என்றுதானே எழுதப் போகிறேன்? எழுதப் போகிற 'வேண்டாம்' ஒன்றை உங்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன்." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். "முதல் தடவை கூப்பிட்டபோது பாப்பா கைக்குழந்தை. இரண்டாம் தடவை அத்தைக்குக் கண் ஆபரேஷன். இது மூன்றாவது. இதையும் வேண்டாம் என்றால் பிறகு கேட்க மாட்டார்கள்."

"உனக்குப் போக ஆசையா?"

"அதை யாரும் என்னைக் கேட்டதில்லை. அதனால் நானும் யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்கள் துடுப்புப் போட்டதைப் பார்த்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆசைதான்."

பிறகு நாங்கள் பேசினோம். திங்கட்கிழமை அகப்படாத பேச்செல்லாம் அன்று அகப்பட்டது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். பாப்பாவின் பள்ளி, தாயாரின் மருந்து, வெள்ளிக்கிழமை இரவு ரயில், ஞாயிற்றுக்கிழமை இரவு ரயில், காலை ஏழரை மணிக்கு யார் ஜடை பின்னுவது, சமையல் யார்? கடைசி இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே என்று தெரிந்தபோது அவள் சிரித்துவிட்டாள். "சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். ஏப்ரன் நான் வாங்கித் தருகிறேன்" என்றாள்.

சிரித்தாளே தவிர, அடுத்த நிமிஷமே, "பாப்பா அழுவாள்" என்றாள். "அழுவாள்" என்றேன். அதற்கு மேல் அதில் சொல்வதற்கு இல்லை.

மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்போம். கடல் எங்களுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மேடையின் தரையில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். கீழே அலை வந்து முட்டினால் காற்றும் தண்ணீரும் அந்த ஓட்டை வழியாகப் பீறிட்டு மேலே வரும். திடீரென்று 'புஸ்' என்று ஒரு சீறல். இருவரும் நனைந்து போனோம். திரும்பி வரும்போது கிளிமூக்கில் மணல் வழி தண்ணீருக்குள் போயிருந்தது. அரண்மனைக் குன்றின் கீழே செல்லும் சுரங்கப் பாதை வழியாக நடந்து, இரவு பத்து மணிக்கு ஆகஸ்டு 31 தெருவில், நின்றுகொண்டே, கருகிய கேக்கில் ஒரு துண்டு வாங்கி இரண்டு ஸ்பூனோடு எங்கள் கல்யாண நாள் விருந்தை முடித்தோம். விடுதிக்குத் திரும்பியதும் அவள் 'சம்மதம்' என்று பதில் அனுப்பினாள்.

அவள் மதுரை போய்ச் சேர்ந்த முதல் மாதம் பாப்பா தினம் அழுதாள். இரண்டாவது மாதம் வெள்ளிக்கிழமைகளை எண்ணக் கற்றுக்கொண்டாள். என் சாம்பாரைப் பற்றி அவள் இன்னும் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்கிறாள்.

போகிறவர்களுக்கு

ஆறு நாள் போதுமானது. ஒரு நாள் மாலை, 1912 முதல் ஓடும் கயிற்று ரயிலில் இகெல்டோ மலை மேல் ஏறிப் பாருங்கள். சிப்பி முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். உர்குல் மலைக்குப் படியேறிப் போனால் அங்கே ஆங்கிலேயச் சிப்பாய்களின் பழைய கல்லறைகளைக் காணலாம். கோடையில் சாந்தா கிளாரா தீவுக்குப் படகு விடுகிறார்கள். செப்டம்பரில் சினிமா விழா, 1953-இல் தொடங்கியது. அந்த வாரங்களில் விடுதி வாடகை விண்ணைத் தொடும்.

வாடகை என்றதும் ஒரு வார்த்தை. 2024-இல் ஸ்பெயினின் பல நகரங்களில், யாத்திரிகர்கள் பெருகிப் போனதால் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்று ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். இந்த ஊரிலும் அந்த மனத்தாங்கல் இருக்கிறது. வழிகாட்டியோடு வரும் கூட்டம் 25 பேருக்கு மேற்படக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று நகரசபை அவ்வருஷம் விதி போட்டது. ஆகையால் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுக்காமல், முறையான விடுதியில் தங்குங்கள். இரவில் தெருவில் நின்று உரக்கப் பேசாதீர்கள். மேலே யாரோ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்கள்.

குடை அவசியம். ஐரோப்பிய விசாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விடுதியில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணல் வழியே ஒந்தரேத்தாவுக்கு நடக்கிறவர்கள், திரும்பி வரச் சுரங்கப் பாதை எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நீண்டுவிட்டால் அது தேவைப்படும்.